பழைய கார் எஞ்சினும் ஆயில் அடிட்டிவ்களும்: பாட்டிலைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கார் நீலப்புகை விடத் தொடங்கினாலும், ஆயில் குடிக்கத் தொடங்கினாலும், ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டாலும், பலர் முதலில் நாடுவது உதிரிபாகக் கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் சிறிய அடிட்டிவ் பாட்டில்களைத்தான். ஆயிலோடு கலந்தால் தேய்மானம் நிற்கும், கசிவு அடைபடும், புகை மறையும் என்று அவற்றின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். இவற்றுள் எது எந்த எஞ்சினுக்கு உண்மையிலேயே உதவும், எது வீண் செலவு, எது கெடுதல் செய்யும் என்பதையும், ஊற்றலாமா வேண்டாமா என்று எந்த வரிசையில் சோதித்து முடிவு செய்வது என்பதையும் இந்த வழிகாட்டி சொல்கிறது.

எந்த வகையில் பழைய எஞ்சின்?

அடிட்டிவ் பற்றி உலவும் தவறான அறிவுரைகளில் பெரும்பகுதி, இருவேறு எஞ்சின்களை ஒன்றாக எண்ணிக்கொள்வதால் பிறக்கிறது. ஒன்று வடிவமைப்பிலேயே பழையது. 1980களுக்கு முன் உருவான பல எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட்டின் மேடு, அந்தத் தள்ளலை வால்வுக்குக் கொண்டுசெல்லும், தட்டையான அடிப்பாகம் கொண்ட டப்பெட்டின் மீது நேரடியாக உரசிச் செல்லும்; கார்புரேட்டர் இருக்கும்; எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் பின்புறத்தில் ரப்பர் சீலுக்குப் பதிலாகக் கயிறு போன்ற சீல்கூட இருக்கலாம். மற்றொன்று ஓடி ஓடிப் பழசானது. அதன் வடிவமைப்பு நவீனமானது. ரோலர் பொருத்திய ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்), புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் அதில் உண்டு. ஆனால் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். முதல் வகையின் தேவை பெரும்பாலும் ஆயிலின் வேதியியலைப் பற்றியது. இரண்டாம் வகையின் சிக்கல் பெரும்பாலும் உலோகமும் ரப்பரும் தேய்ந்துபோனதைப் பற்றியது. முதல் வகைக்குச் சொன்ன மருந்தை இரண்டாம் வகையில் ஊற்றினால் கன்வெர்ட்டருக்குக் கேடு வரலாம். இரண்டாம் வகைக்குச் செய்த சீல் மிருதுவாக்கியை முதல் வகையில் ஊற்றினால் கயிறு சீலுக்கு அது எதுவும் செய்யாது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலையோ உதிரிபாகப் பட்டியலையோ பார்த்து மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: டப்பெட் தட்டையானதா ரோலர் வகையா, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உண்டா, தயாரிப்பாளர் சொன்ன ஆயில் கிரேடும் தர வகுப்பும் என்ன. இதன்பின் வரும் முடிவுகள் அனைத்தும் இந்த மூன்றைச் சார்ந்தவை.

ஆயிலுக்குள் ஏற்கெனவே இருப்பவை

எஞ்சின் ஆயில் என்றால் அடிப்படை எண்ணெய் மட்டும்தான், அதற்கு வலு சேர்ப்பது வெளியில் விற்கும் பாட்டில் என்பது முதல் தவறான நம்பிக்கை. கடையில் வாங்கும் ஆயிலில் ஏறக்குறைய 10 முதல் 25 சதவீதம் வரை கூட்டுப்பொருள்களே உள்ளன. அமிலத்தை முறித்து உலோகப் பரப்பைச் சுத்தமாக வைக்கும் கால்சியம், மக்னீசியம் சார்ந்த டிடர்ஜென்ட்கள், கரித்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து கசடாகாமல் மிதக்க வைக்கும் டிஸ்பர்சன்ட்கள், சூட்டில் ஆயில் கெடுவதைத் தாமதப்படுத்தும் பொருள்கள், தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் சேர்மம், சூட்டிலும் குளிரிலும் கனம் (பாயும்போது காட்டும் கெட்டித்தன்மை) அதிகம் மாறாமல் காக்கும் பாலிமர்கள், நுரையை அடக்கும் சிலிக்கோன் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

இவை தனித்தனியாக வேலை செய்பவை அல்ல என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. டிடர்ஜென்ட், ஜிங்க் சேர்மம், உராய்வு குறைக்கும் பொருள் ஆகிய மூன்றுமே உலோகப் பரப்பில் ஒட்டி வேலை செய்பவை, இடமோ ஒன்றுதான். ஒன்றின் அளவைக் கூட்டினால் மற்றொன்று ஒட்டுவதற்கான இடம் குறையும். நுரைதடுக்கும் சிலிக்கோன் மிகச் சிறிய அளவில், பத்து லட்சத்தில் சில பங்குகள் என்ற அளவில்தான் சேர்க்கப்படுகிறது. அதையே அதிகமாகச் சேர்த்தால் ஆயிலுக்குள் சிக்கிய நுண்ணிய காற்றுக் குமிழிகள் வெளியேறத் தாமதமாகும். "நல்ல பொருள்தானே, கொஞ்சம் கூடுதலாக இருந்தால் என்ன?" என்ற கேள்விக்கு இதுவே பதில்.

ஆயில் டப்பாவின் மேல் உள்ள ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தர வகுப்பு, அந்தக் கலவையை உண்மையான எஞ்சின்களில் ஓட்டிப் பார்த்த சோதனைகளின் அடிப்படையில் தரப்படுவது. எடுத்துக்காட்டாக, கேம் தேய்மானத்துக்காக நீண்ட காலம் பயன்பட்ட சீக்வென்ஸ் 4ஏ என்ற சோதனையில் நிஸானின் 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை 100 மணி நேரம் ஓட்டிவிட்டு, கேம் மேடுகளின் தேய்மானத்தை மைக்ரான் அளவில் கணக்கிட்டார்கள். நீங்கள் வேறொரு பாட்டிலை அதில் கவிழ்த்த நொடியிலேயே, அந்தச் சோதனையில் தேறிய ஆயில் உங்கள் எஞ்சினில் இல்லை. யாரும் சோதிக்காத புதிய கலவை ஒன்றுதான் இருக்கிறது. அது நன்றாகவும் அமையலாம், கெடுதலாகவும் அமையலாம். அந்தச் சோதனையை உங்கள் எஞ்சினில், உங்கள் செலவில் நடத்துகிறீர்கள் என்பது மட்டும் உறுதி.

ஜிங்க்: பாதி உண்மை

பழைய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் எச்சரிக்கை, "இன்றைய ஆயிலில் ஜிங்க் இல்லை, ஊற்றாவிட்டால் கேம்ஷாஃப்ட் போய்விடும்" என்பது. இதில் உண்மையும் மிகையும் கலந்திருப்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஜிங்க் என்று சுருக்கமாக அழைக்கப்படுவது ஜிங்க் டையல்கைல் டைதையோபாஸ்பேட் என்ற சேர்மம். 1940களில் ஆயில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெடுவதையும் பேரிங் அரிப்பதையும் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட இது, தேய்மானத்தையும் சிறப்பாகத் தடுக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. தட்டையான டப்பெட் உள்ள எஞ்சினை அருகில் பார்த்தால் இதன் வேலை புரியும். கேம் மேடு மிக லேசான சரிவோடு சாணை பிடிக்கப்பட்டிருக்கும். டப்பெட்டின் அடிப்பாகமோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குவிந்திருக்கும். இதனால் ஒவ்வொரு முறை மேடு தள்ளும்போதும் டப்பெட் தன் அச்சில் சிறிது சுழன்று, தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது. ஆனால் இரண்டும் தொடும் இடம் மிகக் குறுகியது. வால்வ் ஸ்பிரிங்கின் முழு விசையும் அந்தக் குறுகிய பட்டையில் இறங்குவதால் ஆயில் படலம் கிழியும் நிலைக்கு மெலிகிறது. அந்த இடத்து உராய்விலும் சூட்டிலும் ஜிங்க் சேர்மம் சிதைந்து, கண்ணாடித்தன்மை கொண்ட பாஸ்பேட் படலமாக இரும்பின் மேல் படிகிறது. அதன் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே. இரும்புக்குப் பதிலாக அதுவே தேய்ந்து, மீண்டும் மீண்டும் புதிதாக உருவாகிறது.

இந்தச் சேர்மத்தில் உள்ள பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் பரப்பில் படிந்து அதன் திறனைக் குறைக்கிறது. எனவே தர வகுப்புகள் மாறும்போது பாஸ்பரஸ் வரம்பும் இறங்கியது. 1990களின் பிற்பகுதியில் வந்த எஸ்.ஜே. வகுப்பில் மெல்லிய கிரேடுகளுக்கு 0.10 சதவீதமாக இருந்த உச்ச வரம்பு, 2004இல் வந்த எஸ்.எம். வகுப்பில் 0.08 சதவீதமானது. 2010இன் எஸ்.என்., 2020இன் எஸ்.பி. ஆகியவற்றிலும் அதே வரம்பு தொடர்கிறது. இவ்வளவும் உண்மை.

மிகை எங்கே வருகிறது? முதலாவதாக, இன்றைய ஆயிலில் ஜிங்க் இல்லை என்பது தவறு, 0.08 என்பது உச்ச வரம்பு, கூடவே 0.06 சதவீதம் பாஸ்பரஸ் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இரண்டாவதாக, எஸ்.எம்., எஸ்.என். வகுப்புகளில் இந்த உச்ச வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்கானது; 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகிய கனமான கிரேடுகளுக்கு அது பொருந்தாது. பழைய வடிவமைப்பு எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர்கள் பரிந்துரைத்தவை பெரும்பாலும் இந்தக் கனமான கிரேடுகளே. மூன்றாவதாக, ரோலர் டப்பெட் உள்ள எஞ்சினில் உரசலுக்குப் பதிலாக உருளல் நடப்பதால் இந்தக் கவலைக்கே இடமில்லை. நான்காவதாக, அளவு மிஞ்சினால் பாதுகாப்பு மிஞ்சுவதில்லை. பாஸ்பரஸ் 0.2 சதவீதத்தை ஒட்டிய அளவுக்குப் போனால் கேம் பரப்பில் குழிகள் விழவும் உலோகம் செதிலாகப் பெயரவும் வாய்ப்புண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு நுட்பமான விவகாரம் என்பது விளங்கும். 4 லிட்டர் ஆயிலின் எடை ஏறக்குறைய 3.4 கிலோ. அதில் 0.08 சதவீதம் பாஸ்பரஸ் என்றால் மொத்தம் 2.7 கிராம்தான். அதை 0.12 சதவீதமாக உயர்த்த வேண்டுமானால் இன்னும் 1.4 கிராம் பாஸ்பரஸ் போதும். பாட்டிலில் எத்தனை கிராம் இருக்கிறது என்பதை லேபிளோ தரவுத்தாளோ சொல்லாதபோது, எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது யாருக்கும் தெரியாது. எனவே என் பரிந்துரை தெளிவானது: தட்டையான டப்பெட் உள்ள, கன்வெர்ட்டர் இல்லாத எஞ்சினுக்கு, பாஸ்பரஸ் அளவைத் தரவுத்தாளில் 0.10 முதல் 0.12 சதவீதம் வரை எனக் குறிப்பிடும் ஆயிலையே நேரடியாக வாங்குங்கள். பழைய கார்களுக்கென்றே தயாரிக்கப்படும் ஆயில்களில் இந்த அளவு கிடைக்கிறது. அங்கே மற்றக் கூட்டுப்பொருள்களும் அதற்கேற்பச் சமன் செய்யப்பட்டிருக்கும். புதிய கேம்ஷாஃப்ட்டும் டப்பெட்டும் மாற்றியபின் முதல் ஓட்டத்துக்கு மட்டும் ஜிங்க் மிகுந்த பிரேக்-இன் ஆயில் உண்மையிலேயே தேவை. அந்த முதல் இருபது முப்பது நிமிடங்களில் எஞ்சினை ஐட்லிங்கில் விடாமல் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுழற்சியில் ஓட்டுவதும் அதே அளவுக்கு முக்கியம். கேமின் மேல் ஆயில் தெறிப்பது அந்த வேகத்தில்தான் போதுமான அளவு நடக்கிறது.

ஆயில் குடிக்கும் எஞ்சினும் கனமாக்கும் அடிட்டிவும்

புகையையும் ஆயில் செலவையும் நிறுத்துவதாகச் சொல்லும் பாட்டில்கள் பலவற்றில் இருப்பது தேன்போல் கெட்டியான பாலிமர் கலவை. இது ஆயிலின் கனத்தைக் கூட்டுகிறது. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் முறைப்படி 30 கிரேடு என்றால் 100 டிகிரி சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கனத்தின் அலகு) வரையும், 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரையும், 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரையும் கனம் கொண்டிருக்கும். கெட்டியான அடிட்டிவ் ஒரு பாட்டில் சேர்ந்தால் ஆயில் ஒரு கிரேடோ அதற்கு மேலோ தாவிவிடலாம். ரிங் வழியாக ஏறும் ஆயில் சற்றுக் குறையும், தேய்ந்த பேரிங்கின் சத்தம் சற்று அடங்கும், பிரஷர் கேஜின் முள் ஏறும். இந்த மூன்றையும் பார்த்து எஞ்சின் குணமாகிவிட்டது என்று நம்புவதுதான் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு.

ஆயில் பிரஷர் என்பது ஓட்டத்துக்கு எதிரான தடையின் அளவு. கெட்டியான ஆயில் முள்ளை உயர்த்தும். ஆனால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது கேம்ஷாஃப்ட் வரை ஆயில் போய்ச் சேரக் கூடுதல் நேரம் எடுக்கும். ஹைட்ராலிக் டப்பெட்டும், ஆயில் பிரஷரால் இயங்கும் வால்வ் டைமிங் அமைப்பும் உள்ள எஞ்சின்களில் அவற்றின் மெல்லிய துளைகளுக்கு இது ஒத்துவராது. மேலும் அந்தப் பாலிமர் மூலக்கூறுகள் எஞ்சினுக்குள் அரைபட்டு உடைவதால், கூடிய கனமும் நாளடைவில் குறைந்துவிடும்.

பாட்டிலுக்குப் பதிலாக இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். முதலில் ஆயில் செலவை அளந்து பாருங்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் ஆயிலை மேல் கோடுவரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில், அதே முறையில் பார்த்து, மேல் கோட்டுக்கு வர எத்தனை மில்லிலிட்டர் தேவைப்பட்டது என்று அளந்து ஊற்றுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரையிலான செலவை ஏற்கத்தக்கது என்றே சொல்லும் தயாரிப்பாளர் மேனுவல்கள் உண்டு. ஆகையால் 200 மில்லிலிட்டருக்காகப் பதற வேண்டியதில்லை. அவ்வப்போது ஊற்றி ஓட்டுவதே சிக்கனமான வழி.

அடுத்து, புகை எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். இரவெல்லாம் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை நீலப்புகை வந்து பின் நின்றுவிட்டாலோ, நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி மீண்டும் மிதிக்கும்போது புகை வந்தாலோ, வால்வ் சீலோ வால்வ் கைடோ காரணமாக இருக்கலாம். மேடு ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். புகை வெள்ளையாகவும் இனிப்பு வாடையோடும் இருந்தால் அது கூலன்ட். கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. கடைசி இரண்டுக்கும் ஆயில் அடிட்டிவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

மூன்றாவதாகக் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தால், ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை அந்த ஆயில் தற்காலிகமாக அடைத்திருக்கிறது என்று பொருள். கோளாறு ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ உள்ளது. உயரவில்லையென்றால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். ரிங் தேயாமல் கரி பிடித்து இறுகியிருந்தால், கரியைக் கரைக்கும் ரசாயனம் ஓரளவு உதவ வாய்ப்புண்டு. சிலிண்டர் சுவரே தேய்ந்திருந்தால், இல்லாத உலோகத்தை எந்தத் திரவமும் திரும்பக் கொண்டுவராது. "தேய்ந்த பரப்பை நிரப்பிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்" என்ற வாசகம் எந்த பாட்டிலில் இருந்தாலும் அதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

பிரஷர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எந்த பாட்டிலையும் தேடாமல் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஆயில் மட்டம் சரியாக இருந்தால், ஒரு மெக்கானிக்கல் கேஜை இணைத்து உண்மையான பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். சென்சார் பழுது, அடைபட்ட ஸ்ட்ரெயினர் (ஆயிலை உறிஞ்சும் இடத்திலுள்ள வலை), தேய்ந்த பம்ப், தேய்ந்த பேரிங் ஆகிய நான்கும் ஒரே விளக்கைத்தான் எரிய வைக்கும். நான்குக்கும் வைத்தியம் வேறு. சுமை ஏறும்போது அடிப்பாகத்திலிருந்து வரும் கனத்த தட்டல் சத்தத்தைக் கெட்டி ஆயிலால் மறைப்பது, கிராங்க்ஷாஃப்ட்டைக் காப்பாற்றக் கிடைத்த கடைசி வாய்ப்பையும் இழப்பதாகும். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்த நிலையில் பேரிங்கை மாற்றினால் முடிந்துவிடும் வேலை, சில வாரம் ஓட்டியபின் முழு எஞ்சின் வேலையாகிவிடுகிறது.

கசிவை அடைக்கும் அடிட்டிவ்

இவை எல்லாமே ஏமாற்று என்று சொல்வது நியாயமாகாது. எஸ்டர் போன்ற பொருள்கள் இறுகிப்போன ரப்பருக்குள் ஊறி அதைச் சற்று உப்பச் செய்து மிருதுவாக்கும். கிழியாமல், சுருங்கி மட்டும் போன ரப்பர் சீலில் சொட்டுக் கசிவு இருந்தால் இது பலன் தரலாம். கிழிந்த சீலுக்கும், ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தாலும், கயிறு சீலுக்கும், உலர்ந்து வெடித்த கார்க் கேஸ்கெட்டுக்கும் இதனால் பயனில்லை. அளவு மிஞ்சினால் நன்றாக இருந்த சீல்களும் தேவைக்கு மேல் உப்பி இளகிவிடும்; ஒரு சீலுக்காக ஊற்றுவது எஞ்சினில் உள்ள எல்லாச் சீல்களையும் நனைக்கிறது அல்லவா? அதிகம் ஓடிய கார்களுக்கென விற்கும் "ஹை மைலேஜ்" ஆயிலில் இதே சீல் பொருள் அளவோடு சேர்க்கப்பட்டிருப்பதால், அதற்கு மாறுவதே முதல் படியாக இருக்கட்டும். பலன் தெரிய ஓரிரு ஆயில் மாற்றம்வரை காத்திருக்க வேண்டும்.

அதற்கும் முன் கசிவின் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து வடியும் ஆயில் எஞ்சினின் பின்பக்கமாக இறங்கி கியர்பாக்ஸ் சந்திப்பில் சொட்டும்; அதைப் பார்த்துப் பின்புற கிராங்க் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடர் போன்ற வெள்ளைப் பொடியைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். கிராங்க் அறையின் வாயுக்களை வெளியேற்றும் பி.சி.வி. வால்வையும் தவறாமல் சோதியுங்கள். அது அடைபட்டால் கிராங்க் அறையில் அழுத்தம் கூடி, நல்ல சீல்கள் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, துளையின் மேல் ஒரு தாளை மெல்ல வையுங்கள். தாள் லேசாக உள்ளிழுக்கப்பட்டால் நல்லது. மேலே தூக்கி எறியப்பட்டால் பி.சி.வி. அடைப்பையோ ரிங் தேய்மானத்தையோ தேட வேண்டும்.

சிந்தெட்டிக் ஆயில் ஊற்றினால் பழைய எஞ்சின் கசியும் என்ற அச்சமும் இங்கே சேர்ந்தது. தொடக்ககாலச் சிந்தெட்டிக் ஆயில்கள் சிலவற்றின் அடிப்படை எண்ணெய் ரப்பரைச் சுருக்கும் இயல்புடையதாக இருந்ததால் வந்த பெயர் அது. இன்றைய ஆயில்களில் அதைச் சமன் செய்யும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. கசட்டால் அடைபட்டிருந்த பழைய கசிவு, ஆயில் கசட்டைக் கழுவியபின் வெளிப்படுவது வேறு செய்தி.

கசடும் ஃப்ளஷும்

ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃப்ளஷ் என்ற கழுவும் திரவத்தை ஊற்ற வேண்டும் என்பது தேவையற்ற பழக்கம். குறித்த காலத்தில் ஆயில் மாற்றிவந்த எஞ்சினில் ஃப்ளஷுக்குச் செய்ய வேலை இல்லை. நீண்ட காலம் கவனிக்கப்படாமல், ஆயில் மூடிக்கு அடியில் கரும்பசை படிந்திருக்கும் எஞ்சினிலோ அது ஆபத்தானது. வேகமாகப் பெயரும் கசடு, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் கட்டிகளாக விழுந்து, ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெயினரின் வலையை மூடும். மேலே சுத்தமான எஞ்சின் கீழே ஆயிலின்றி ஓடும். மண்ணெண்ணெயோ டீசலோ கலந்து ஓட்டும் பழக்கம் இதைவிடக் கெட்டது. ஆயில் மெலிந்து பேரிங்கில் படலம் நிற்காது.

கசடு மிகுந்த எஞ்சினுக்குச் சரியான வழி மெதுவானது. வால்வ் கவரைக் கழற்றி உண்மை நிலையைப் பாருங்கள். கட்டியாக இருந்தால் சம்ப்பையும் இறக்கி, ஸ்ட்ரெயினரைக் கையால் சுத்தம் செய்யுங்கள். பின்னர் நல்ல தர வகுப்பு ஆயிலை ஊற்றி, 2,000 முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பில்டரோடு சேர்த்து மூன்று முறை மாற்றுங்கள். அந்த ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட்டும் டிஸ்பர்சன்ட்டும் கசடைப் பொடியாக்கிச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவரும். ஆயில் சீக்கிரம் கறுத்தால் கலங்க வேண்டாம், அது வேலை செய்கிறது. மூடியின் அடியில் மட்டும் இளமஞ்சள் நுரை இருந்தால், குறுகிய தூரம் ஓட்டும் கார்களில் படியும் ஈரமாக இருக்கலாம்; டிப்ஸ்டிக்கிலும் பால்போல் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, ஓட்டாமல் பணிமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இதற்கு நேரெதிராக, பழைய எஞ்சினுக்கு டிடர்ஜென்ட் இல்லாத ஆயில்தான் ஏற்றது என்பாரும் உண்டு. கூட்டுப்பொருள் இல்லாத எஸ்.ஏ. வகுப்பு 1930க்குப் பின் வந்த பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பொருந்தாது என்றும், எஸ்.பி. என்ற பழைய வகுப்பு 1951க்குப் பின் வந்தவற்றுக்குப் பொருந்தாது என்றும் ஏ.பி.ஐ. எச்சரிக்கிறது. (2020இன் எஸ்.பி. வகுப்பு வேறு. தமிழில் இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தாலும் ஆங்கில எழுத்து வேறு என்பதால், டப்பாவின் மேல் உள்ளதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.)

டெஃப்லானும் மேசைமேல் இயந்திரமும்

எஞ்சினுக்குள் வழுக்கும் பூச்சு ஏற்படுத்துவதாகச் சொல்லும் டெஃப்லான் வகை அடிட்டிவ்கள் ஒரு காலத்தில் மிகப் பிரபலமாக இருந்தன. பாத்திரத்தில் இந்தப் பூச்சு ஒட்டுவதற்கு, பரப்பைச் சொரசொரப்பாக்கிச் சுத்தம் செய்து, அப்பொருள் உருகும் 327 டிகிரிக்கும் மேலான சூட்டில் சுட வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில், ஆயிலில் மிதக்கும் துகள் இரும்பில் பூச்சாக ஒட்டுவதற்கு வழியே இல்லை. 1996இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், ஸ்லிக் 50 என்ற டெஃப்லான் வகை அடிட்டிவின் விளம்பரங்களில் உள்ள தேய்மானம் பற்றிய கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நடவடிக்கை எடுத்தது. 1997இல் அது சமரசத்தில் முடிந்தது. மேனுவலில் சொன்ன ஆயிலை ஊற்றும் பெரும்பாலான எஞ்சின்கள், ஸ்டார்ட் செய்யும் நேரத்திலும் போதிய பாதுகாப்போடுதான் இருக்கின்றன என்று ஆணையம் அப்போது தெளிவுபடுத்தியது. டியூரா லூப் என்ற தயாரிப்பின் விளம்பரங்கள் மீதும் அதே ஆணையம் 1999இல் வழக்குத் தொடுத்தது.

கண்காட்சிகளிலும் காணொளிகளிலும் காட்டப்படும் இயந்திரம் பலரை நம்ப வைக்கிறது. சுழலும் எஃகு வளையத்தின் மேல் ஒரு சிறிய உருளையை நெம்புகோலால் அழுத்துவார்கள். சாதாரண ஆயிலில் வளையம் கிறீச்சிட்டு நிற்கும். அடிட்டிவைச் சொட்டியதும் எவ்வளவு அழுத்தினாலும் சுழலும். இந்தக் காட்சி பொய்யல்ல, ஆனால் எஞ்சினைப் பற்றி அது எதையும் நிரூபிக்கவில்லை. கிராங்க்ஷாஃப்ட் தன் பேரிங்கைத் தொடாமல், சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலத்தில் மிதந்தே சுழல்கிறது. ஒரு புள்ளியில் உலோகத்தை உலோகத்தோடு நசுக்கும் நிலை அங்கே இல்லை. அந்த இயந்திரத்தில் வெற்றி பெற எளிய வழி குளோரின் ஏற்றிய பாரஃபினைச் சேர்ப்பது. எஞ்சின் சூட்டிலும் ஈரத்திலும் அதே குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறி பேரிங் உலோகத்தை அரிக்கக்கூடியது. பாட்டிலின் பாதுகாப்புத் தரவுத்தாளில் குளோரின் சேர்மம் எதுவும் இருந்தால் அதை எஞ்சினில் ஊற்றாதீர்கள்.

அப்படியும் ஊற்றுவதென்றால்

மேற்கண்ட சோதனைகளுக்குப் பின், சுருங்கிய சீல் போன்ற தெளிவான ஒரு காரணம் இருந்து, அதற்கேற்ற அடிட்டிவை முயன்று பார்க்கலாம் என்று முடிவு செய்தால், முதலில் அதன் தரவுத்தாளைப் படித்து உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். "ரகசியக் கலவை" என்று மட்டும் சொல்லும் பாட்டிலைத் தவிருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அடிட்டிவ்களை ஊற்றக் கூடாது. ஆயில் மாற்றும்போதே ஊற்றுங்கள். பாட்டிலின் அளவுக்கு ஆயிலைக் குறைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். 4 லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் 400 மில்லிலிட்டர் ஊற்றினால் நல்ல ஆயிலின் எல்லாக் கூட்டுப்பொருள்களும் பத்தில் ஒரு பங்கு நீர்த்துப்போகின்றன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பலன் இருக்கிறதா என்பதைக் காதையும் மனத்தையும் நம்பித் தீர்மானிக்க வேண்டாம். ஊற்றுவதற்கு முன் வடித்த ஆயிலில் ஒரு சிறு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, இரும்பு, செம்பு, ஈயம், சிலிக்கான் ஆகியவற்றின் அளவையும் 100 டிகிரியில் கனத்தையும் கேட்டு வாங்குங்கள். அதே பிராண்ட் ஆயில், அதே கிலோமீட்டர், அதே வகை ஓட்டம் என வைத்து அடுத்த மாற்றத்தின்போதும் மாதிரி அனுப்பினால் ஒப்பிட முடியும். சிலிக்கான் உயர்ந்திருந்தால் ஏர் பில்டர் வழியாகத் தூசி நுழைகிறதா என்று பாருங்கள். ஈயமும் செம்பும் ஒருசேர உயர்ந்திருந்தால் பேரிங்கைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. இரும்பின் அளவு மாறாமலும், 1,000 கிலோமீட்டருக்கான ஆயில் செலவு குறையாமலும் இருந்தால் அடுத்த முறை அந்த பாட்டிலை வாங்காமல், அந்தப் பணத்தை வால்வ் சீலுக்கோ பி.சி.வி. வால்வுக்கோ ஒதுக்குங்கள்.